நட்சத்திரக் குறியின் மேல் போட்ட பழி

காலை பத்து நாற்பத்திரண்டு. இந்த நேரம் என் ஊகமில்லை. கட்டுப்பாட்டுப் பெட்டியே அதைத் தன் நினைவில் பதிந்து வைத்திருந்தது. துறையூருக்குப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலை. நெல் அவிக்கும் கொதிகலனில் அந்த நேரத்தில் தண்ணீர் குறைந்துபோனது. தண்ணீர் குறைந்தால் பெட்டி மூன்று வேலை செய்தாக வேண்டும். பலகையில் இருக்கும் சிவப்பு விளக்கைச் சிமிட்ட வேண்டும். அடுப்புக்கு உமி தள்ளும் மோட்டாரை நிறுத்த வேண்டும். சங்கு ஊத வேண்டும். விளக்கு சிமிட்டியது. உமி போய்க்கொண்டே இருந்தது. சங்கு ஊதவில்லை.

கொதிகலனைப் பார்த்துக்கொள்பவர் பெயர் செல்வராசு. அவர் நீர்மட்டக் கண்ணாடியைப் பார்த்தபோது அதில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அந்தச் சூட்டில் தண்ணீரைத் திறந்துவிட்டால் கொதிகலன் வெடித்துவிடும் என்று அவருக்குத் தெரியும். மற்றவர்களை வெளியே போகச் சொல்லிக் கத்திவிட்டு, மோட்டாரைக் கையால் நிறுத்தி, அடுப்புக் கதவைத் திறந்து, எரிகிற உமியை நீளக் கம்பியால் வெளியே வாரி இழுத்துப் போட்டிருக்கிறார். இரண்டு முன்கைகளும் முகத்தின் இடது பக்கமும் வெந்துபோயின. ஆலையில் இருந்த மற்றவர்கள் ஒரு கீறல் இல்லாமல் வீட்டுக்குப் போனார்கள்.

அந்தப் பெட்டி நான் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்த கம்பெனியில் செய்தது. அதற்குள் ஓடும் நிரலை, அதாவது புரோகிராமை, கடைசியாகத் திருத்தியவர் என்று பதிவில் இருந்தது என் மகள் அபிநயாவின் பெயர்.

நான் படித்த பாலிடெக்னிக்கில் பழைய மாணவர் மலர் போடுகிறார்கள். “இப்ப படிக்கிற பிள்ளைங்களுக்கு உற்சாகமா இருக்கிற மாதிரி உங்க சர்வீஸ் அனுபவத்தை எழுதிக் குடுங்க மேடம்” என்று கேட்டார்கள். உற்சாகம் என்னிடம் இல்லை. கோபம் இருக்கிறது. அதை அப்படியே எழுதித் தருகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் விருப்பம்.

படித்ததும் பயிற்சி பெற்றதும் பெரிய கதையில்லை. மின்னணுவியலில் டிப்ளமா. திருச்சியில் துவாக்குடிப் பக்கம் இருந்த ஒரு சிறிய கம்பெனியில் ஈயம் பற்றவைக்கும் மேசையில் சேர்ந்தேன். ஸ்ரீரங்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். மூன்றாவது வருடம் நிரல் எழுதும் அறைக்கு மாற்றினார்கள். சி மொழியை அங்கேதான் கற்றேன். கல்யாணம், அபிநயா, மாமியாரின் வைத்தியம் எல்லாம் அந்த இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் நடந்தன.

அந்த அறைக்குத் தலைவர் ஜமாலுதீன் சார். பாலக்கரைக்காரர். குரலை உயர்த்த மாட்டார். ஆனால் அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தால் எங்களில் யாரோ ஒருவர் எழுதியதில் தப்பு கண்டுபிடித்துவிட்டார் என்று அர்த்தம். யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. நான் பிரசவ விடுப்பு முடிந்து வந்த அன்று, “வாம்மா, குழந்தை சௌக்கியமா? அல்லாஹ் நல்லா வைக்கட்டும். போன தடவை நீ எழுதினதுல ரெண்டு தப்பு இருக்கு” என்றார். இரண்டும் ஒரே மூச்சில்.

அவருடைய பிடிவாதங்களில் ஒன்றை இங்கே விளக்கியாக வேண்டும். நிரலில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஃபங்ஷன் இருக்கும். அதைப் பெயர் சொல்லி நேராக அழைக்கலாம். இல்லையென்றால் அதன் முகவரியை ஓர் அட்டவணையில் வைத்துவிட்டு, அந்த முகவரி வழியாக அழைக்கலாம். முகவரியைத் தாங்கியிருப்பதற்குப் பெயர் ஃபங்ஷன் பாயிண்டர். அதன் வழியாக அழைப்பதை இரண்டு விதமாக எழுதலாம். நட்சத்திரக் குறி போட்டு (*f)() என்று எழுதலாம். குறி இல்லாமல் f() என்றும் எழுதலாம். நாம் எழுதும் நிரலைச் சிப்புக்குப் புரியும் மொழிக்கு மாற்றுவது கம்பைலர். அந்தக் காலத்தில் எங்களிடம் இருந்த மிகப் பழைய கம்பைலர் ஒன்று முதல் விதத்தை மட்டும்தான் ஏற்கும். பிறகு வந்தவை இரண்டையும் ஏற்றன, இரண்டுக்கும் ஒரே விளைவுதான். ஆனாலும் கடைசி வரைக்கும் நட்சத்திரம் போட்டுத்தான் எழுத வேண்டும் என்றார் ஜமாலுதீன் சார். எந்தக் கம்பைலருக்குக் கொண்டுபோனாலும் ஓடும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் இருந்தது, அதுதான் முக்கியம்.

எங்கள் சிப் மிகச் சிறியது. அதில் நினைவிடம் போதாது. அதனால் நிரலின் துண்டுகளைச் சேர்த்துக் கட்டும் லிங்கர் ஒரு சிக்கனம் செய்யும். இரண்டு ஃபங்ஷன்கள் ஒரே சமயத்தில் ஓடாது என்று தெரிந்தால், இரண்டின் தற்காலிகக் கணக்குகளுக்கும் ஒரே இடத்தைக் கொடுத்துவிடும். காலை ஷிப்ட் ஆளுக்கும் மாலை ஷிப்ட் ஆளுக்கும் ஒரே லாக்கரைக் கொடுப்பது மாதிரி. யார் யாரை அழைக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் இதைச் சரியாகச் செய்ய முடியும். பெயர் சொல்லி அழைத்தால் லிங்கருக்குத் தெரியும். பாயிண்டர் வழியாக அழைத்தால் தெரியாது. இரண்டு பேரும் ஒரே ஷிப்டில் நிற்கும்போது ஒரே லாக்கரைக் கொடுத்துவிடும். ஒருவர் வைத்ததை மற்றவர் அழித்துவிடுவார்.

“லிங்கர் என்ன ஜோசியக்காரனா? நீ மனசுல நெனச்சிருக்கிறது அதுக்கு எப்படிம்மா தெரியும்? நாமதான் சொல்லணும்” என்பார் சார்.

அதற்காக ஒரு சின்ன ஃபைல் வைத்திருந்தோம். எந்த ஃபங்ஷன் எதை அட்டவணை வழியாக அழைக்கிறது என்று வரி வரியாகக் கையால் எழுதிய அழைப்புப் பட்டியல். அறையில் அதற்குப் பெயர் ஜமால் லிஸ்ட். கட்டும்போது லிங்கர் அதையும் படித்துக்கொள்ளும். நிரலில் நட்சத்திரம் கண்ட இடத்திலெல்லாம் பட்டியலைத் திறந்து அந்த வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்ததற்கு அடையாளமாகப் பதிவேட்டில் சுருக்கொப்பம் போட வேண்டும். நட்சத்திரம் கம்பைலருக்காகப் போட்டதில்லை, எங்கள் கண்ணுக்காகப் போட்டது.

இன்னொரு வழக்கமும் அவர் ஏற்படுத்தியதுதான். நிரலைக் கடைசியாகத் தொட்டவர், தான் தொட்டது ஒரு காற்புள்ளியாக இருந்தாலும், எல்லாச் சோதனைகளையும் நிஜமான பெட்டியில், நிஜமான சங்கை மாட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். சங்கு ஊதினால் பக்கத்துக் கொட்டகையில் ஃபோர்மேன் வசை பாடுவார். “ஏங்க, உங்க ஆளுங்களுக்குப் பொழுது போகலைன்னா எங்க காதுதான் கெடைச்சுதா?” என்று ஒருநாள் வாசலிலேயே வந்து நின்றார். “காது போனா பரவால்லைங்க, ஆள் போனாதான் சிரமம்” என்று சொல்லிவிட்டு சார் மறுபடி ஊதவிட்டார்.

அவர் ஓய்வுபெற்று மகனோடு துபாய்க்குப் போன பிறகு அந்த நாற்காலிக்கு நான் வந்தேன். பெரிய சிப்புக்கும் புதிய கம்பைலருக்கும் நிரலை மாற்றியது என் காலத்தில். பெரிய சிப்பில் நினைவிடம் தாராளம். லாக்கரைப் பங்குபோடும் வேலையே அங்கே கிடையாது. அதை முடித்துக் கொடுத்துவிட்டு விருப்ப ஓய்வு வாங்கினேன். மறு வருடமே அந்தப் பெரிய சிப் சந்தையில் கிடைக்காமல் போனது. கம்பெனி பழைய சிப்புக்கே திரும்பியது. அந்த மாற்றத்தைச் செய்தவர் பிரபாகர், என்னிடம் ஐந்து வருடம் வேலை பார்த்தவர். அபிநயா அங்கே சேர்ந்தது அதற்கும் பிறகு. விபத்து நடந்தபோது அவள் சேர்ந்து எட்டு மாதம்.

அவள் செய்தது என்ன என்று எழுதுகிறேன். நிரல் முழுக்க நட்சத்திரக் குறிகளை எடுத்துவிட்டு f() என்ற எளிய வடிவத்துக்கு மாற்றச் சொல்லி மேலாளர் மின்னஞ்சல் அனுப்பினார். படிக்கச் சுலபமாக இருக்குமாம். மாற்றினாள். சோதனைகளை ஓட்டினாள். ஆனால் பெட்டியிலும் சங்கிலும் இல்லை. அந்தச் சோதனை மேசையை எப்போதோ எடுத்துவிட்டார்கள். இப்போது எல்லாம் மேசைக் கணினியிலேயே ஓடுகிறது. கணினியில் நினைவிடத்துக்குப் பஞ்சமா? எல்லாச் சோதனையும் திரையில் பச்சை காட்டித் தேறியது. நிரல் புதுப் பெட்டிக்குப் போனது, அந்தப் பெட்டி பழையதற்குப் பதிலாகத் துறையூருக்குப் போனது.

விபத்து நடந்தது புதன்கிழமை. வியாழன் மாலை அவள் வீட்டுக்கு வந்து பையைக் கூடக் கழற்றாமல் நின்றாள்.

“அம்மா, என்னால ஒருத்தர் கை வெந்துபோச்சாம்.”

“யார் சொன்னா?”

“லாக்ல கடைசிப் பேரு என்னுதுதான். திங்கக்கிழமைக்குள்ள ஒரு லெட்டர்ல கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுமாம். கவனக்குறைவுன்னு.”

“நீ என்ன மாத்தின?”

சொன்னாள். எனக்கு அந்த நிமிடம் பிடித்த கோபம் இன்னும் இறங்கவில்லை. கடைசியாகத் தொட்டவர் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு மனிதர் ஏற்படுத்திய ஒழுங்கை, கடைசியாகத் தொட்டவர் தலையில் கட்டிவிடலாம் என்று ஆக்கிவிட்டிருந்தார்கள்.

அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. “ஒருவேளை நான்தானோ?” என்று பத்து முறையாவது கேட்டிருப்பாள். குளியலறைக்குள் போனால் தாழ்ப்பாள் போடாதே என்றேன். எங்கள் அடுக்குமாடியின் மொட்டைமாடிச் சாவியை வாட்ச்மேனிடமிருந்து வாங்கி என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். என்ன சொல்லி வாங்கினேன் என்று இப்போது நினைவில்லை. இருபத்து நான்கு வயதுப் பிள்ளை. கையெழுத்துப் போட்டால் அது காவல் நிலையத்துக்கும் போகும், இனி அவள் வேலை கேட்டுப் போகிற இடத்துக்கெல்லாம் போகும். அதையெல்லாம் விட, அவளே அதை நம்பிவிடுவாள். என் பயம் அதுதான்.

வெள்ளிக்கிழமை செல்வராசுவைப் பார்க்க வேண்டும் என்றாள். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. திருச்சியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். இரண்டு கைகளிலும் கட்டு. அவர் மனைவி எங்களை யாரென்று கேட்டுவிட்டு, பெட்டிக் கம்பெனி என்றதும் எழுந்து நின்றுகொண்டார்.

“தூங்கிட்டேன்னு எழுதிக் குடுன்னு மில்லுக்காரரு கேக்கறாரு. நீங்களும் அதுக்குத்தான் வந்தீங்களா?”

“இல்லம்மா” என்றாள் அபிநயா. “நான்தான் அந்த புரோகிராமைக் கடைசியா மாத்தினேன். அதான் பாக்க வந்தேன்.”

அந்த அம்மாள் மறுபடி உட்கார்ந்தார். செல்வராசுதான் பேசினார். வாய் ஒரு பக்கமாகத்தான் திறந்தது.

“நான் தூங்கல பாப்பா. வெளக்கு சிமிட்டினதப் பாத்தேன். சரி, சங்கு வரும், எந்திரிப்போம்னு உக்காந்திருந்தேன். பதினஞ்சு வருசமா அப்படித்தான். வெளக்கு, அப்புறம் சங்கு.”

“எத்தனை தடவை சிமிட்டுச்சு?” என்று கேட்டேன்.

“மூணு தடவ. எப்பவும் மூணுதாங்க.”

அவர் மூன்று என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது.

நிரலில் ஒரு தலைமை ஃபங்ஷன் உண்டு. விளக்கு, மோட்டார், சங்கு என்று அட்டவணையில் இருக்கும் மூன்றையும் பாயிண்டர் வழியாக வரிசையாக அழைப்பது அதன் வேலை. எத்தனை முடிந்தது என்று அது ஒரு எண்ணிக்கை வைத்திருக்கும். விளக்கு ஃபங்ஷனும் எத்தனை முறை சிமிட்டினோம் என்று ஓர் எண்ணிக்கை வைத்திருக்கும். இரண்டு எண்ணிக்கைக்கும் லிங்கர் ஒரே இடத்தைக் கொடுத்திருந்தால்? விளக்கு மூன்று முறை சிமிட்டி அந்த இடத்தில் மூன்று என்று விட்டுப் போகும். தலைமை ஃபங்ஷன் திரும்பி வந்து பார்க்கும். மூன்று. மூன்று வேலையும் முடிந்துவிட்டது என்று போய்விடும். மோட்டாரையும் அழைக்காது, சங்கையும் அழைக்காது.

ஜமால் லிஸ்ட் இருந்திருந்தால் இது நடக்கவே நடக்காது.

சனிக்கிழமை காலை அவளோடு நானும் கம்பெனிக்குப் போனேன். கோயிலுக்கு வந்த வெளியூர் வண்டிகள் காவிரிப் பாலம் வரைக்கும் நின்றன. அந்த நெரிசலில் நான் மேலாளரை வாய்க்குள் திட்டியதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

“வாங்க மேடம், எவ்வளவு நாளாச்சு! காபி சொல்லட்டுமா?” என்றார் மேலாளர்.

“காபி வேணாம் சார். அந்த லெட்டரைக் காட்டுங்க.”

ஆங்கிலத்தில் நான்கு வரி. ஃபங்ஷன் பாயிண்டரை அழைக்கும் முறையை அனுமதியின்றி, விளைவு அறியாமல் மாற்றினேன் என்று இருந்தது.

“அனுமதியின்றியா? மாத்தச் சொல்லி மெயில் அனுப்பினதே நீங்கதான?”

“அது ஃபார்மாலிட்டி மேடம். பாப்பாவை நாங்க விட்டுட மாட்டோம்.”

“விட்டுட மாட்டீங்க, அது தெரியுது. நட்சத்திரத்தை எடுத்ததுனால என்ன ஆச்சுன்னு சொல்லுங்க.”

“ஸ்டாரை எடுத்துட்டா அப்புறம் அது எப்படி மேடம் பாயிண்டர்? நானும் காலேஜ்ல சி படிச்சவன்தான்.”

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அபிநயாவை அவளுடைய கணினியில் உட்காரச் சொன்னேன். நட்சத்திரம் இருந்த பழைய நிரலையும், அவள் மாற்றிய நிரலையும் அதே கம்பைலரில் தனித்தனியாகக் கட்டி, பெட்டிக்குப் போகும் இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொன்னேன். வித்தியாசம் எதுவும் இல்லை என்று திரையில் வந்தது. முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் ஒன்றே. அவள் தோள் இறங்கியதை நான் பார்த்தேன்.

“பாருங்க சார். இவ தொட்டதுக்கு முன்னாடி அனுப்பியிருந்தாலும் இதேதான் போயிருக்கும். இதே சங்கு ஊதாமதான் இருந்திருக்கும்.”

பிறகு, கட்டி முடித்ததும் லிங்கர் எழுதி வைக்கும் முகவரி அறிக்கையைத் திறக்கச் சொன்னேன். நான் நினைத்தபடியே இரண்டு எண்ணிக்கைக்கும் ஒரே முகவரி. அழைப்புப் பட்டியல் எங்கே என்று கேட்டேன். அந்த ஃபோல்டரில் அது இல்லை. எப்போது போனது, யார் எடுத்தது என்று பதிவிலும் இல்லை. புதிய சர்வருக்கு மாறியபோது பழைய பதிவுகள் வரவில்லையாம்.

மேலாளர் அறிக்கையை வெகுநேரம் பார்த்தார். புரிந்தது மாதிரித்தான் இருந்தது. ஆனால் சொன்னது இது:

“எல்லாம் சரி மேடம். ஆனா லாக்ல கடைசிப் பேரு பாப்பா பேருதான? கம்பெனின்னு ஒரு பேரை நாங்க காட்டியாகணும்ல?”

நான் என்ன கத்தினேன் என்று அபிநயாதான் பிறகு சொன்னாள். கொட்டகையில் இருந்தவர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்களாம். வெந்தது உன் கையா என்று கேட்டேனாம், ஒருமையில். இருபத்தெட்டு வருடத்தில் அந்தக் கட்டடத்துக்குள் நான் யாரையும் ஒருமையில் பேசியதில்லை. அதற்காக நான் வருத்தப்படவும் இல்லை. செல்வராசுவிடம் தூங்கினேன் என்று எழுதி வாங்கப் பார்க்கிறார்கள், இவளிடம் கவனக்குறைவு என்று எழுதி வாங்கப் பார்க்கிறார்கள். ஒருவர் அடுப்புப் பக்கம் கடைசியாக நின்றவர், இன்னொருத்தி நிரலைக் கடைசியாகத் தொட்டவள். நடுவில் இருக்கிற யாருக்கும் பெயரே கிடையாது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கோபம் பிரபாகர் மேல் திரும்பியது. பழைய சிப்புக்கு மாற்றும்போது பட்டியலைத் தேட வேண்டியது அவருடைய வேலை. எத்தனை தடவை சொல்லிக் கொடுத்திருப்பேன்? கைப்பேசியில் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. நாலு முறை கூப்பிட்டேன். ஆலையில் பெட்டிகளைக் கழற்றப் போயிருக்கிறார் என்றார்கள். ஓடி ஒளிந்துகொண்டான் என்று வீட்டில் அபிநயாவிடம் சொன்னேன். “அப்படியெல்லாம் சொல்லாதம்மா, அவர் நல்லவர்” என்றாள். நல்லவனா இருந்தா ஃபோனை எடுக்கட்டும் என்றேன். அவள் அன்று அரைத் தட்டு சோறு சாப்பிட்டாள். ஆனாலும் திங்கட்கிழமை மாறவில்லை.

ஞாயிறு காலை பத்தரை மணிக்கு அழைப்பு மணி அடித்தது. அபிநயா கதவைத் திறந்தாள். பிரபாகர் நின்றார். இரண்டு நாள் சவரம் செய்யாத முகம், சட்டையெல்லாம் உமித் தூசி. துறையூரிலிருந்து நேரே பைக்கில் வந்திருக்கிறார். நான் உட்காரச் சொல்லவில்லை.

“மேடம், அபிநயா கையெழுத்துப் போட வேணாம். லிஸ்ட் ஃபைலை எடுத்தது நான்தான்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, காலைல மேனேஜர் வீட்டுலயே குடுத்துட்டுத்தான் வரேன்.”

அபிநயா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

“ஏன் எடுத்தீங்க பிரபாகர்? அஞ்சு வருசம் எங்கூட உக்காந்தீங்கள்ல? ஒரு மனுசனுக்குக் கை போச்சு. எம்பொண்ணு நாலு நாளா பிரேதம் மாதிரி திரிஞ்சா. அதை எடுக்கச் சொல்லி எந்த அறிவுகெட்ட ஜென்மம் உங்களுக்குச் சொல்லிச்சு?”

அவர் பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து மேசையில் வைத்தார். நான் ஓய்வுபெற்ற வாரம் எழுதிக் கொடுத்த ஒப்படைப்புக் குறிப்பு. இரண்டாவது தாளில் ஒரு வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டிருந்தார். அழைப்புப் பட்டியல் இனித் தேவையில்லை, நீக்கிவிடலாம். பெரிய சிப்புக்கு மட்டும் என்று அந்த வரியில் இல்லை. அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. நான் அப்போது பெரிய சிப்பைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை. அடியில் என் கையெழுத்து இருந்தது.

அபிநயா எழுந்து வந்து அந்தத் தாளை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை.

“பழைய சிப்புக்குத் திரும்பினப்ப எனக்கும் சந்தேகமாதான் இருந்துச்சு மேடம். உங்க நோட்டை எடுத்துப் பாத்தேன், வேணாம்னு இருந்துச்சு. நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்னு லிஸ்டை எடுத்துட்டேன்” என்றார் பிரபாகர். “இதை நான் மேனேஜர்கிட்ட காட்டல. என் பேரை மட்டும்தான் எழுதிக் குடுத்திருக்கேன். நாளைக்கு செல்வராசு அண்ணன் விஷயமா பாய்லர் இன்ஸ்பெக்டர் வராரு. அவர்கிட்ட இந்தப் பேப்பரைக் குடுக்கணுமா வேணாமான்னு நீங்களே சொல்லுங்க.”